கடல் இல்லாத ஊரிலிருந்து ஒரு துறைமுகம்: அக்ரிலிக்கில் தொடங்குவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோபிசெட்டிபாளையத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடி அறையில் ஞாயிறுதோறும் ஓவியம் சொல்லித்தருகிறேன். பள்ளிப் பிள்ளைகள் வருகிறார்கள். தறிப் பட்டறையில் வேலை முடித்துவிட்டு வருகிற அண்ணன்கள் இருக்கிறார்கள். பேரன் பேத்தி எடுத்த பிறகு முதன்முதலாகப் பிரஷைப் பிடித்த அம்மாக்களும் உண்டு. வயல், பனைமரம், மாட்டுவண்டி என்று சில மாதங்கள் ஓடியதும் பலருக்கும் ஒரே ஆசை வந்துவிடுகிறது: படகுகள் கட்டிக் கிடக்கும் ஒரு துறைமுகத்தை வரைய வேண்டும். அப்போது அவர்கள் கேட்கிற கேள்விகளையும் நான் சொல்கிற பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன். பெரும்பாலும் தொடக்கத்தைப் பற்றியே எழுதியிருக்கிறேன். நான் பார்த்தவரை, துறைமுகப் படம் கெட்டுப்போவது முதல் ஒரு மணி நேரத்தில்தான்.

கடலே இல்லாத ஊரில் இருந்துகொண்டு துறைமுகம் வரைந்தால் பொய்யாக இருக்காதா?

இருக்காது. நமக்கும் துறைமுகத்துக்கும் உள்ள உறவு மிகப் பழையது. நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணலில் அகழாய்வு செய்தபோது, அரிய கற்களில் மணிகள் செய்த பட்டறைகளின் தடயங்கள் வெளிப்பட்டன. மேற்குக் கரையின் முசிறித் துறைமுகத்துக்கும் உள்நாட்டுக்கும் இடையே பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் போன பாதை இந்தப் பக்கத்தைத் தொட்டுக்கொண்டுதான் சென்றது. கோவை வட்டாரத்தில் உரோமானிய நாணயங்கள் கிடைத்ததும் அந்த வணிகத்தால்தான். இன்றைக்கும் திருப்பூரில் தைத்த பனியன் கண்டெய்னரில் ஏறித் தூத்துக்குடி போய்க் கப்பலேறுகிறது.

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. துறைமுகப் படத்தில் பாதிக்கு மேல் இருப்பது நீர். நீரைப் பார்த்துப் பழக நமக்கு இடம் குறைவில்லை. கோவைக்காரர்களுக்கு உக்கடம் பெரியகுளமும் வாலாங்குளமும் இருக்கின்றன. பொள்ளாச்சிக்காரர்களுக்கு ஆழியாறு. எங்களுக்குக் கொடிவேரி, தடப்பள்ளி வாய்க்கால், சற்றுத் தள்ளிப் பவானிசாகர். அமைதியான துறைமுக நீரும் குளத்து நீரும் வெளிச்சத்துக்கு ஒரே விதமாகத்தான் கட்டுப்படுகின்றன. என்னிடம் வருகிறவர்களை முதலில் கொடிவேரிக்குத்தான் அழைத்துப்போகிறேன். அங்கே பரிசல் நிற்கும் இடத்தில் காலை ஆறரை மணிக்கு உட்கார்ந்து அரை மணி நேரம் பார்க்கச் சொல்கிறேன். அன்றைக்குப் பென்சில் கிடையாது.

ஒரு முறையாவது நேரில் பார்க்க எங்கே, எப்போது போகலாம்?

நமக்குக் கைக்கு எட்டுவது கொச்சி. கோவையிலிருந்து எர்ணாகுளத்துக்கு ரயிலில் ஏறக்குறைய நான்கு மணி நேரம். மேற்குக் கரை என்பதால் சூரியன் கடலுக்குள் இறங்கும். மாலையில் போனால் படகுகளும் சீன வலைகளும் வெளிச்சத்துக்கு எதிரே கரிய உருவங்களாக நிற்கும். தொடங்குகிறவர்களுக்கு அது பெரிய உதவி. நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கிழக்குக் கரை ஊர்களில் இதே காட்சி விடியற்காலையில் கிடைக்கும்.

மீன்பிடித் தடைக்காலத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். கேரளத்தில் விசைப்படகுகளுக்கு ஜூன் 9 நள்ளிரவு தொடங்கி ஜூலை 31 வரை 52 நாள். மீனவர் வீடுகளில் அது கையில் காசு குறைந்த காலம். ஆனால் விசைப்படகுகள் அத்தனையும் கரையில் கட்டிக் கிடக்கும். ஓடாத படகை நிதானமாகப் பார்த்து வரையலாம். வலை பின்னுகிறவர்களும் மரவேலை பார்க்கிறவர்களும் பக்கத்திலேயே இருப்பார்கள். கேட்டால் எது அணியம், எது அமரம் என்று அன்போடு சொல்லித்தருவார்கள். முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம். இந்த இரண்டு சொற்களையும் தெரிந்துகொண்டு போனால் பேச்சு எளிதாகத் தொடங்கும்.

தடையில்லாத நாள்களில் போனால், மீன் இறக்கும் நேரத்தில் வழியை மறித்து ஈசலை, அதாவது படத்தை வைத்து வரையும் தாங்கியை, விரிக்காதீர்கள். கப்பல் வரும் பெரிய துறைமுகங்களுக்குள் அனுமதியில்லாமல் போக முடியாது, படமெடுக்கவும் கூடாது. மீன்பிடி துறைமுகமே நமக்குப் போதும்.

போட்டோவைப் பார்த்து வரைவது தவறா?

தவறில்லை, நானும் செய்கிறேன். ஆனால் நீங்களே எடுத்த போட்டோவாக இருக்கட்டும். செல்போன் கேமராவுக்கு ஒரு பழக்கம் உண்டு: வானத்தை வெளுக்கவைத்துவிடும், இல்லையென்றால் படகின் நிழல் பக்கத்தைக் கன்னங்கரேல் என்று ஆக்கிவிடும். நிழலுக்குள் இருக்கும் பச்சையையும் பழுப்பையும் கண் மட்டும்தான் பார்க்கும். ஆகவே போட்டோ எடுத்த இடத்திலேயே நின்று, "நிழல் பச்சை கலந்த பழுப்பு, நீர் வானத்தைவிட ஒரு படி இருட்டு" என்று நான்கு வரி நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு அந்த நான்கு வரிதான் போட்டோவின் குறையைத் திருத்தும்.

என்னென்ன வாங்க வேண்டும்?

கொஞ்சம்தான். டைட்டானியம் ஒயிட், அல்ட்ராமரைன் புளூ, பர்ன்ட் சியன்னா, எல்லோ ஆக்கர், லெமன் எல்லோ, ஏதாவது ஒரு நல்ல சிவப்பு. ஆறு டியூப். வெள்ளை மட்டும் பெரிய டியூபாக இருக்கட்டும், அதுதான் முதலில் தீரும். டியூபில் நிறமியின் குறியீடு அச்சிட்டிருப்பார்கள். பிபி 29 என்று இருந்தால் அது அல்ட்ராமரைன். கறுப்பு வேண்டாம். அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் கலந்தால் கறுப்புக்கு மிக அருகில் ஓர் இருட்டு கிடைக்கும். நீலம் கூடினால் அது குளிர்ந்த இருட்டு, சியன்னா கூடினால் வெதுவெதுப்பான இருட்டு. ஒரு படகின் வெளிநிழலுக்கு முதலாவது, உள்பக்கத்துக்கு இரண்டாவது. டியூப் கறுப்பில் இந்த வேறுபாடு கிடைக்காது.

பிரஷ் நான்கு போதும்: வீட்டுச் சன்னலுக்குப் பெயிண்ட் அடிக்கும் 1 அங்குலத் தட்டைப் பிரஷ், அரை அங்குலத் தட்டை ஒன்று, 6-ஆம் எண் ஒன்று, கயிறு வரைய நீண்ட மெல்லிய முனை உள்ள ஒன்று. செயற்கை இழைப் பிரஷே அக்ரிலிக்குக்கு நல்லது. கேன்வாஸ் ஒட்டிய அட்டை 12 × 16 அங்குலத்தில் வாங்குங்கள். நான் ஒரு முறை அவசரத்தில் ஒரு கடையில் வாங்கிய சட்டமிட்ட கேன்வாஸ் தொய்ந்து, பிரஷை அழுத்தும்போதெல்லாம் பின்வாங்கியது. தொடுவானக் கோட்டை நேராக இழுக்கவே முடியவில்லை. அட்டையில் அந்தத் தொல்லை இல்லை.

வாட்டர்கலர் இருக்க, எண்ணெய் வண்ணம் இருக்க, ஏன் அக்ரிலிக்?

துறைமுகத்தில் வெளிச்சமான மெல்லிய பொருள்கள் இருட்டின் முன்னால் நிற்கின்றன: வெயில் படும் கயிறு, வெள்ளைக் கொடிமரம், நீரின் மினுக்கம். அக்ரிலிக்கில் இருட்டைப் பூசிக் காயவிட்டு, அரை மணி நேரத்தில் அதன்மேல் வெளிச்சத்தை ஏற்றலாம். வாட்டர்கலரில் அந்த இடத்தை முதலிலேயே வெள்ளையாக விட்டுவைக்க வேண்டும். எண்ணெயில் நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

வண்ணம் தட்டிலேயே காய்ந்துவிடுகிறது. என்ன செய்வது?

இது நம் ஊர்க் கேள்வி. அக்ரிலிக் என்பது நீரில் மிதக்கும் பிசின் துளிகளோடு கலந்த நிறமி. நீர் ஆவியானதும் பிசின் துளிகள் ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாகிவிடும். பிறகு எவ்வளவு தண்ணீர் விட்டாலும் இளகாது. பாலக்காட்டுக் கணவாய் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலையில் திறந்துகிடக்கும் வாசல். தென்மேற்குப் பருவக்காற்று அதன் வழியாகத்தான் நம்மீது பாய்கிறது. உடுமலை, பல்லடம் பக்கத்துக் காற்றாலைகளைச் சுற்றுகிற அதே ஆடிக்காற்றுதான் உங்கள் தட்டில் இருக்கும் வண்ணத்தையும் உறிஞ்சுகிறது. ஆடியில் மொட்டைமாடியில் உட்கார்ந்து நான் வானத்துக்கு வண்ணம் கலந்து நிமிர்வதற்குள் ஓரம் தோல் கட்டிவிடும்.

வழி எளிது. மூடியுள்ள தட்டையான டிபன் டப்பா ஒன்றை எடுங்கள். பருத்தித் துணியை நான்காக மடித்து நனைத்து, நீர் சொட்டாத அளவுக்குப் பிழிந்து உள்ளே விரியுங்கள். அதன்மேல் பேக்கரியில் கேக் தட்டில் விரிக்கும் தாளைப் போட்டு, காற்றுக் குமிழ் இல்லாமல் கையால் தடவிவிடுங்கள். வண்ணத்தை அந்தத் தாளின்மேல் பிதுக்கிக்கொள்ளுங்கள். அடியில் இருந்து ஈரம் மெல்ல ஏறிக்கொண்டே இருக்கும். வேலை முடிந்ததும் மூடிவைத்தால் மறுநாளும் அதே வண்ணம் மென்மையாக இருக்கும். துணியில் நீர் அதிகமானால் வண்ணம் ஓடிவிடும். அதை மட்டும் கவனியுங்கள். இஸ்திரி போடும்போது துணிக்குத் தெளிக்கிற ஸ்பிரே பாட்டிலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை தட்டின்மேல் ஒரு தெளிப்புத் தெளியுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். வியர்க்கும்தான், வானம் முடியும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைக் கேன்வாஸில் நேராகத் தொடங்கலாமா?

வேண்டாம். பர்ன்ட் சியன்னாவைத் தண்ணீர் விட்டு மெலிதாக்கி, முழு அட்டைக்கும் ஒரு பூச்சுப் பூசித் துணியால் துடைத்துவிடுங்கள். மழை நின்ற மறுநாள் செம்மண் காடு இருக்கும் நிறம் வரும். காய்ந்த பிறகு அதன்மேல் நீலமும் சாம்பலுமாக நீரைப் பூசும்போது, பிரஷ் படாத சின்னச் சின்ன இடைவெளிகளில் அந்தச் செம்மண் எட்டிப்பார்க்கும். குளிர்ந்த நீருக்கு அது உயிர் கொடுக்கும். வெள்ளையில் தொடங்கினால் அதே இடைவெளிகள் பூச மறந்த இடம் போலத் தெரியும். வேறு பயனும் உண்டு: நடுத்தர நிறத்தின்மேல் வைக்கும்போதுதான் எது இருட்டு, எது வெளிச்சம் என்று கண் சரியாகச் சொல்லும். வெள்ளையின்மேல் எல்லாமே இருட்டாகத் தோன்றும்.

முதலில் எதை வரைவது? படகையா?

படகு வேண்டாம், தயவுசெய்து. நான் முதன்முதலாகத் துறைமுகம் வரைந்தபோது படகில்தான் தொடங்கினேன். நான்கு படகுகள், மூன்று நாள். பலகையின் இணைப்பு, டயர், பெயர் எழுத்து எல்லாம் வந்தன. பிறகு சுற்றிலும் நீரைப் பூசினேன். நான்கும் நான்கு உயரங்களில் தொங்கின. ஒன்றுகூட நீரில் உட்காரவில்லை. ஒவ்வொன்றையும் தனித்தனிப் பொருளாகப் பார்த்து வரைந்ததால் வந்த கேடு அது. இடம் என்ற ஒன்றை நான் வரையவே இல்லை.

இப்போது நான் தொடங்குவது தீப்பெட்டி அளவுள்ள நான்கு கட்டங்களில். நோட்டுத் தாளில் கட்டம் போட்டு, மென்மையான பென்சிலால் மூன்றே அடர்வுகள்: தாளின் வெள்ளை, நடுச் சாம்பல், இருட்டு. வானம் பெரும்பாலும் வெள்ளை. நீர் சாம்பல். படகுகள், கட்டப்பட்ட துறைச் சுவர், அதன் நிழல் எல்லாம் சேர்ந்து ஒரே இருட்டு. படகுகளைப் பிரிக்காதீர்கள். ஐந்து படகுகள் நெருங்கி நின்றால் அவை ஒரே இருண்ட உருவம்; அதன் மேல்விளிம்பில் மட்டும் கொடிமரங்கள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு கட்டத்துக்கு இரண்டு நிமிடம். நான்கையும் சுவரில் சாய்த்துவைத்து அறையின் மறுகோடியில் இருந்து பாருங்கள். எது அங்கிருந்தும் துறைமுகமாகத் தெரிகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். தெரியாததை எவ்வளவு நுணுக்கமாக வரைந்தாலும் தெரியப்போவதில்லை.

அடர்வுக்கு நான் ஏன் இத்தனை அழுத்தம் கொடுக்கிறேன் என்று ஒரு தம்பி கேட்டான். அவனுக்குப் பிரெஞ்சு ஓவியர் கிளாட் மொனே லெ ஹாவ்ர் துறைமுகத்தை 1872-இல் வரைந்த எண்ணெய் ஓவியத்தைக் காட்டினேன். அதன் தலைப்பு 'இம்ப்ரஷன், சன்ரைஸ்'. 1874-இல் பாரிஸில் காட்சிக்கு வந்தபோது அந்தத் தலைப்பிலிருந்துதான் இம்ப்ரஷனிசம் என்ற ஓவிய இயக்கத்தின் பெயரே பிறந்தது. மூடுபனியில் ஓர் ஆரஞ்சுச் சூரியன், இரண்டு மூன்று சிறு படகுகள், பின்னால் புகைபோக்கிகள். அந்தப் படத்தைச் செல்போனில் கறுப்பு வெள்ளையாக மாற்றச் சொன்னேன். சூரியன் ஏறக்குறைய காணாமல் போய்விட்டது! சுற்றியுள்ள சாம்பல் மேகமும் சூரியனும் ஒரே அடர்வு. நிறம் மட்டும்தான் வேறு. காணாமல் போகாமல் கறுப்பாக நின்றது எது? முன்னால் இருக்கும் சிறு படகு. அந்த ஒரு இருட்டுத்தான் அத்தனை பனியையும் தாங்குகிறது. உங்கள் படத்துக்கும் அப்படி ஓர் இருட்டைத் தீப்பெட்டிக் கட்டத்திலேயே தேர்ந்தெடுத்துவிடுங்கள்.

தொடுவானக் கோட்டை எங்கே வைப்பது?

படத்தின் சரிபாதியில் வேண்டாம். வானம் முக்கியமானால் கீழே இறக்குங்கள், நீர் முக்கியமானால் மேலே ஏற்றுங்கள்.

தொடுவானம் எப்போதும் உங்கள் கண் உயரத்தில் இருக்கும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். துறைச் சுவர் நீரிலிருந்து 3 மீட்டர் உயரம், உங்கள் கண் அதற்கு மேல் 1.6 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 4.6 மீட்டர். நீரில் நிற்கும் எந்தப் படகானாலும், அருகில் இருந்தாலும் தொலைவில் இருந்தாலும், நீரிலிருந்து 4.6 மீட்டருக்கு மேல் உயர்ந்த பகுதி மட்டுமே தொடுவானத்தைத் தாண்டும். கொடிமரம் தாண்டும், சிறு வள்ளம் தாண்டாது. என் நான்கு படகுகள் தொங்கியதற்குக் காரணம் இதுதான். சிறு வள்ளம் ஒன்றின் முழு உடலும் தொடுவானத்துக்கு மேலே நின்றது.

கொச்சி போன்ற இடத்தில் எதிர்க்கரை மறைப்பதால் தொடுவானமே தெரியாது. ஆனாலும் அது அங்கே இருக்கிறது. எதிர்க்கரை நீரைத் தொடும் கோடு அதற்குச் சற்றுக் கீழே வரும். மெல்லிய பென்சிலால் கோட்டைப் போட்டுவைத்துவிட்டுப் படகுகளை அதோடு ஒப்பிட்டு நிறுத்துங்கள்.

நான் வரையும் படகு வாழைக்காய் மாதிரி வருகிறது. எப்படித் திருத்துவது?

முதலில் பரிசல் வரையுங்கள். பரிசலின் வாய் ஒரு வட்டம். பக்கத்திலிருந்து பார்த்தால் நசுங்கிய வட்டம். தொலைவில் போகப் போக இன்னும் நசுங்கும். இது கைக்கு வந்துவிட்டால் படகு பாதி வந்துவிட்டது.

பிறகு எட்டு என்ற எண்ணைப் படுக்கவைத்து, அணியம் நம்மை நோக்கிச் சற்று மேலே வளையுமாறு இழுத்து எழுதுங்கள். படகின் மேல்விளிம்பு அணியத்தில் உயர்ந்து, நடுவில் தாழ்ந்து, அமரத்தில் கொஞ்சம் மட்டும் உயரும். வாழைக்காயில் இரண்டு முனையும் ஒரே அளவுக்கு உயர்கின்றன. தவறு அங்கேதான் இருக்கிறது. அணியத்திலிருந்து அமரத்துக்கு நடுக்கோடு ஒன்று போட்டு, இரண்டு பக்கமும் சமமாகத் தெரியாது என்பதைப் பாருங்கள்: நம் பக்கத்து விளிம்பு அகன்றும் எதிர்ப்பக்கம் ஒடுங்கியும் இருக்கும். கடைசியாக நீர்மட்டக் கோடு. அதைக் கிடைமட்டமாக, மெல்லிய வளைவோடு போட்டதும் படகு உட்கார்ந்துவிடும்.

பென்சிலில் வரைவதா, பிரஷிலேயே வரைவதா?

தொடுவானமும் கொடிமரமும் பென்சிலில். மற்றதெல்லாம் மெலிதாக்கிய அல்ட்ராமரைன், சியன்னா கலவையில் பிரஷால் வரையுங்கள். தவறினால் ஈரத்துணியால் உடனே துடைத்துவிடலாம்.

வண்ணத்தை எந்த வரிசையில் பூசுவது?

முதலில் அந்த ஒரே இருட்டு உருவம், மெலிதாக. அடுத்து வானம். வானத்தின் நிறம் நீருக்குள் வருவதால், வானத்துக்குக் கலந்ததில் மிச்சம் வைத்து, அதில் கொஞ்சம் சியன்னா சேர்த்து உடனே நீரைப் பூசுங்கள். தொலைவில் இருக்கும் கரை அதன் பிறகு: வெளிறியது, நீலம் ஏறியது, விளிம்பு மங்கியது. கடைசியாகத்தான் முன்னால் இருக்கும் படகின் சொந்த நிறம். 1 அங்குலப் பிரஷைக் கீழே வைக்காமல் இதுவரைக்கும் வந்துவிட முடியும். சின்னப் பிரஷை எடுக்கும் ஆசை வரும். அதை வேறு அறையில் வைத்துவிடுவது நல்லது.

வானம் பவானி ஜமக்காளம் மாதிரி பட்டை பட்டையாக வருகிறதே?

இந்த ஒப்புமையைச் சொன்னவர் ஜமக்காளம் நெய்யும் குடும்பத்தில் பிறந்த அம்மா. மிகச் சரியாகச் சொன்னார். ஒரு பட்டை காய்ந்த பிறகு அடுத்த பட்டையைப் பூசுவதால்தான் இப்படி ஆகிறது. மேல்வானம், நடுவானம், அடிவானம் என்று மூன்று கலவைகளையும் முன்கூட்டியே தாராளமாகக் கலந்துவையுங்கள். அட்டையின்மேல் ஒரு தெளிப்பு நீர். மேலிருந்து கீழே வேகமாக மூன்றையும் பூசி, சந்திக்கும் இடங்களில் ஈரம் இருக்கும்போதே சுத்தமான பிரஷால் குறுக்கே இழுங்கள். ஐந்து நிமிடத்துக்குள் முடித்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். பாதி காய்ந்த வண்ணத்தை மீண்டும் தேய்த்தால் உரிந்துவரும். அப்படியும் பட்டை தெரிந்தால் முழுவதும் காயவிட்டு, வறண்ட பிரஷில் கொஞ்சமே வண்ணம் தொட்டு எல்லையின்மேல் லேசாக உரசுங்கள்.

நீருக்கு எந்த நீலம்?

டியூபில் இருக்கிற எந்த நீலமும் இல்லை. துறைமுகத்து நீர் பெரும்பாலும் பச்சை கலந்த சாம்பல். மழைக்காலத்தில் கொச்சிக் காயல், புதுவெள்ளம் வந்த பவானி ஆறு போலவே பழுப்பாக இருக்கும். அல்ட்ராமரைன், எல்லோ ஆக்கர், ஒரு துளி சியன்னா, வெள்ளை. இங்கேதான் கேரளத்து விசைப்படகுகள் ஓவியருக்கு நன்மை செய்கின்றன. பலவற்றின் உடல் அடர் நீலம், மேலே இருக்கும் சக்கர அறை ஆரஞ்சு. மந்தமான நீரில் அந்த இரண்டு நிறங்களும் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும். நீரையும் பளீர் நீலத்தில் பூசிவிட்டால் படகின் நீலத்துக்கு வேலையே இல்லாமல் போய்விடும்.

பிரதிபலிப்பை எப்படி வரைவது? படகைத் தலைகீழாகத் திருப்பினால் போதாதா?

போதாது. முகம் பார்க்கும் கண்ணாடியை மேசையில் படுக்கவைத்து, அதன்மேல் ஒரு தீப்பெட்டியை இரண்டு பென்சில்களுக்கு மேல் தூக்கிவையுங்கள். சற்று மேலிருந்து பாருங்கள். தீப்பெட்டியின் மேல்பக்கம் உங்கள் கண்ணுக்குத் தெரிகிறது. கண்ணாடியில் தெரிவது அடிப்பக்கம். நீரும் அப்படித்தான். படகின் உள்ளே கிடக்கும் வலையை நீங்கள் பார்க்கிறீர்கள். நீரில் தெரிவது வெளியே பிதுங்கிய வயிறும் தொங்கும் டயரின் கீழ்விளிம்பும். தலைகீழாகத் திருப்பி வரைந்த படங்கள் ஏதோ சரியில்லை என்று தோன்றுவதற்கு இதுவே காரணம்.

இன்னும் சிலவற்றைக் குளக்கரையில் நின்றே பார்த்துக்கொள்ளலாம். நிழல் வெயிலுக்கு ஏற்பச் சாயும். பிரதிபலிப்போ நேராக நம்மை நோக்கியே கீழே இறங்கும். வெள்ளைப் படகின் பிரதிபலிப்பு படகைவிடச் சற்று இருண்டிருக்கும். கரிய படகுடையது சற்று வெளுத்திருக்கும். காலடியில் நீருக்குள் இருக்கும் சேறும் பாசியும் தெரியும், தொலைவில் வானம் மட்டுமே தெரியும். சாய்ந்து பார்க்கப் பார்க்க நீர் அதிகமாகப் பிரதிபலிக்கிறது. ஆகவே படத்தின் கீழ்விளிம்பில் நீரின் சொந்த நிறத்தைக் கூட்டுங்கள், மேலே போகப் போக வான நிறத்தைக் கூட்டுங்கள். இந்த ஒரு மாற்றத்திலேயே நீர் படுத்துக்கொள்ளும்.

சிற்றலை இருந்தால் பிரதிபலிப்பு நீண்டு, துண்டு துண்டாக உடையும். கொடிமரத்தின் பிரதிபலிப்பைக் கிடைமட்டச் சிறு கீற்றுகளாக வையுங்கள்: நமக்கு அருகில் அகலமும் இடைவெளியும் அதிகம், தொலைவில் மெல்லியதாக நெருக்கமாக. பிரஷைப் பக்கவாட்டில் மட்டும் அசையுங்கள்.

நன்றாக இருந்த நிறம் காய்ந்த பிறகு இருண்டுவிட்டதே?

ஈரமாக இருக்கும்போது பிசின் பால் போல வெண்மையாக இருக்கிறது. காய்ந்ததும் அது கண்ணாடி போலத் தெளிந்துவிடுகிறது. அந்தப் பால் நிறம் போனதால் வண்ணம் இருண்டது போலத் தெரிகிறது. வேண்டிய நிறத்தைவிட அரைப்படி வெளிறியதாகக் கலவுங்கள். கலந்ததும் ஒரு தாள் துண்டில் தொட்டுவைத்து, தலைமுடி உலர்த்தும் கருவியால் காயவைத்துப் பார்த்துவிட்டுப் பூசுங்கள். வானத்துக்கு இதைக் கட்டாயம் செய்யுங்கள். அதை மறுபடி அதே நிறத்தில் கலப்பது கடினம்.

கயிறு, கொடி, மனிதர்கள், காக்கைகள்?

மறுநாள்.

முதல் நாள் எந்த இடத்தில் நிறுத்துவது?

பத்தடி தள்ளி நின்று பார்த்தால் துறைமுகம் தெரிகிறது, பக்கத்தில் போனால் வெறும் பூச்சுகளாக இருக்கிறது என்ற இடத்தில். தீப்பெட்டிக் கட்டத்தைப் படத்தின் மூலையில் ஒட்டிவையுங்கள். படத்தைச் செல்போனில் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கி இரண்டையும் ஒப்பிடுங்கள். மூன்று அடர்வுகளும் அதே இடங்களில் இருந்தால் பிரஷைச் சோப்புப் போட்டு உடனே கழுவிவிடுங்கள். இழைகளின் வேரில் வண்ணம் காய்ந்தால் பிரஷ் துடைப்பமாகிவிடும். கழுவிய நீரை வாய்க்காலில் ஊற்றாதீர்கள். வாளியில் ஒரு நாள் வைத்தால் கசடு அடியில் தங்கும். மேல்நீரை இறுத்துவிட்டு, கசடைப் பழைய துணியால் துடைத்துக் குப்பையில் போட்டுவிடலாம்.

கொச்சியில் இரண்டு படம் தொடங்கினால் ரயிலில் எப்படிக் கொண்டுவருவது?

தொட்டால் காய்ந்துவிட்டது போலத்தான் இருக்கும். ஆனாலும் இரண்டையும் முகத்தோடு முகம் வைத்துக் கட்டாதீர்கள். அக்ரிலிக் படலங்கள் வெயிலிலும் அழுத்தத்திலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் ஒன்றின் வானம் மற்றொன்றோடு போய்விடும். டிபன் டப்பாவுக்கு வாங்கிய அதே கேக் தாளில் ஒரு துண்டை இடையில் வையுங்கள். நான்கு மூலைகளிலும் மடித்த அட்டைத் துண்டு வைத்து, இரண்டும் உரசாத அளவுக்கு இடைவெளி விட்டு நாடாவால் கட்டுங்கள். பிறகு சன்னலோரம் வெயில் படாமல், மேல்பலகையில் படுக்கவைத்துவிடுங்கள்.